பார்க்காமல் எழுதிய தோள்பட்டை

போன மாதம் நாமக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவுக்குப் போயிருந்தேன். அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகள் புதிதாக வந்திருக்கும் கம்ப்யூட்டர் படிவத்தைப் பெருமையாகக் காட்டினார்கள். நோயாளியின் பெயரைத் தட்டினால் போதுமாம். கழுத்து நார்மல், தோள்பட்டை நார்மல், முதுகு நார்மல் என்று எல்லாக் கட்டத்திலும் டிக் தானாகவே விழுந்துவிடுகிறது. கோளாறு இருக்கிற இடத்தில் மட்டும் டிக்கை எடுத்துவிட வேண்டும். "எவ்வளவு நேரம் மிச்சம் பாருங்க சார்" என்றாள் ஒரு பெண். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. அங்கேயே சத்தம் போட்டுவிட்டேன். பாவம், பிள்ளைகள் மிரண்டு போனார்கள். "என்ன சார் ஆச்சு உங்களுக்கு?" என்று கேட்டவளுக்கு அன்றைக்குப் பதில் சொல்ல முடியவில்லை. இதுதான் பதில்.

நான் ராசிபுரம் பக்கத்துக்காரன். சென்னையில் பிசியோதெரபி படித்தேன். படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எலும்பையும் தசையையும் மனப்பாடம் செய்தேன், பாஸ் செய்தேன், ஊர்ப்பக்கம் திரும்பினேன். எழுபத்தேழாம் வருடம் சேலத்தில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனையில் தற்காலிக வேலை கிடைத்தது. மருத்துவமனையின் பெயர் வேண்டாம். எங்கள் அறைக்கு வெளியே போர்டில் என்ன எழுதியிருந்தாலும் ஜனங்களுக்கு அது கரண்ட் ரூம். "கரண்டு வெக்க வந்தேனுங்க" என்றுதான் வருவார்கள். தசைக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி ஒன்று, சூடு கொடுக்கும் பெட்டி ஒன்று, சுவரில் ஒரு கப்பி, இரண்டு பெஞ்சு, நான். தினமும் ஐம்பது பேர் வருவார்கள்.

ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு. அதில் நான்கு வரி எழுத வேண்டும். மூட்டு அசைவு ஒரு வரி, வலி ஒரு வரி, தோள்பட்டையும் அதைச் சுற்றிய தசைகளும் ஒரு வரி, சிகிச்சை ஒரு வரி. அந்த மூன்றாவது வரியில் பத்துக்கு ஒன்பது பேருக்கு ஒரே பதில்தான் வரும். என்.ஏ.டி. குறிப்பிடும்படி கோளாறு எதுவும் தென்படவில்லை என்பதற்கு ஆஸ்பத்திரிச் சுருக்கெழுத்து. நான் என்ன செய்தேன் தெரியுமா? காலையில் வந்ததும் அன்றைய சீட்டுகளை அடுக்கி, எல்லாவற்றிலும் மூன்றாவது வரியை எழுதி முடித்துவிட்டுத்தான் முதல் ஆளைக் கூப்பிடுவேன். ஐம்பது என்.ஏ.டி. எழுத இருபது நிமிடம்கூட ஆகாது. என்னைச் சுறுசுறுப்பான பையன் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் நினைப்பு.

செங்கோடன் வந்தது எழுபத்தெட்டில், ஐப்பசி மழைச் சமயம். நாமக்கல் பக்கத்து லாரி டிரைவர். முப்பத்தைந்து வயது இருக்கும், என்னைவிடப் பத்து வயது பெரியவர். கூடவே அவர் மனைவி பாவாயி. இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்கள். மனுஷன் மார்பில் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் குனிந்தபடி நின்றார். அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரிக்குள் வருகிற குடியானவர்கள் அப்படித்தான் நிற்பார்கள். கையைத் தொங்க விட்டுக்கொண்டு நிற்பது திமிர் என்று அவர்களுக்கு நினைப்பு.

"என்னங்க பண்ணுது?" என்றேன்.

"வலது கை மேல போக மாட்டேங்குதுங்க சார். முன்னால கொஞ்சம் போவுது. பக்கத்துல தூக்குனா செத்த கையாட்டம் உழுந்துருது. ராத்திரியெல்லாம் தோளு இழுக்குது."

"வண்டி ஓட்டறீங்களா?"

"எங்கீங்க ஓட்டறது? வலப்பக்கம் திருப்பறப்பக் கைய வெளிய நீட்டிக் காட்டோணுமில்லீங்களா? நீட்டவே முடியலீங்க. சங்ககிரி ரோட்டுல பின்னால வந்த பஸ்சுக்காரன் தெரியாம ஏறப் பாத்தான், நூலளவுல தப்பிச்சேன். ஓனரு எறக்கி உட்டுட்டாரு. தை வரைக்கும் பாக்கறேன், அதுக்குள்ள கை சரியாச்சுன்னா வா, இல்லீன்னா வேற ஆளு போட்டுக்குவேன்னாருங்க."

அவருக்கு லாரி ஓட்டுவதைத் தவிர வேறு தொழில் தெரியாது. காடு கரை எதுவும் இல்லை. அந்தக் கை வந்தால் சோறு, வராவிட்டால் இல்லை. அவ்வளவையும் இந்த நாலு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். நான் காதில் வாங்கிக்கொண்டேன், புத்தியில் வாங்கவில்லை. கை மேலே போகவில்லை என்றால் தோள் மூட்டு இறுகிவிட்டது, அதுதான் நமக்கு வழக்கமாக வருகிற கேஸ். சட்டையைக் கழற்றச் சொல்லவில்லை. பின்னால் போய்ப் பார்க்கவில்லை. மூன்றாவது வரியில் என்.ஏ.டி. காலையிலேயே எழுதி இருந்தது. சட்டைப் பொத்தானில் இரண்டை மட்டும் திறந்து, தோளுக்குச் சூடு கொடுத்து, கப்பியில் கையை இழுக்க வைத்து அனுப்பினேன். வாரத்துக்கு மூன்று நாள். ஏழு வாரம்.

இங்கே தோள்பட்டை எலும்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது முதுகில் விலா எலும்புகளின் மேல் கிடக்கிற முக்கோணச் சப்பை எலும்பு. விலாவோடு அதற்கு மூட்டே கிடையாது. கழுத்துக்குக் கீழே குறுக்காக ஓடும் காறை எலும்பின் நுனியில் மட்டும் ஒரு சின்ன இணைப்பு. மற்றபடி பதினேழு தசைகள் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்திருப்பதால் அது இடத்தில் நிற்கிறது, பந்தலை நாலு பக்கமும் கயிறு கட்டி நிறுத்துகிற மாதிரி. கையைத் தூக்கும்போது மூட்டு மட்டும் அசைவதாக நினைக்கிறோம். அப்படியில்லை. தோள்பட்டை எலும்பும் கூடவே சுழன்று கொடுத்தால்தான் கை தலைக்கு மேல் போகும். அதைச் சுழற்றுவதில் இரண்டு தசைகள் முக்கியம். ஒன்று செரட்டஸ், விலாவின் பக்கவாட்டிலிருந்து வந்து எலும்பை முன்பக்கமாக இழுத்து விலாவோடு அழுத்தி வைப்பது. இன்னொன்று ட்ரபீசியஸ், பிடரியிலிருந்து நடு முதுகு வரை விரிந்து கிடப்பது. தோளை மேலே தூக்கிப் பிடிப்பது இதுதான்.

செரட்டஸ் போனால் கையை முன்னால் நீட்டிச் சுவரைத் தள்ளும்போது எலும்பு பின்னால் புடைத்துக்கொண்டு வரும். ட்ரபீசியஸ் போனால் நேர் எதிர். கையைப் பக்கவாட்டில் தூக்கும்போதுதான் எலும்பு வெளிப்பக்கம் வழுக்கும். கையை முன்னால் கொண்டு வந்தாலோ, செரட்டஸ் இழுத்துப் பிடித்துக்கொள்வதால் எலும்பு சமர்த்தாகப் படிந்துவிடும். மார்பில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவனிடம் இந்தக் கோளாறு கண்ணுக்கே படாது.

மார்கழியில் ஒரு நாள் காலை பத்து மணி வாக்கில் கரண்ட் போய்விட்டது. பெட்டிகள் நின்றன, மின்விசிறியும் நின்றது. மார்கழியானாலும் ஆட்கள் நெருக்கிய அறை புழுங்கியது. "ஏனுங்க சார், செத்த சட்டையக் கழட்டிக்கறனுங்க" என்று செங்கோடன் தாமாகவே சட்டையைக் கழற்றினார். கழற்றியதை வலப்பக்கச் சுவர் ஆணியில் மாட்டக் கையைப் பக்கவாட்டில் நீட்டினார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன்.

எலும்பு நழுவியது. தோலுக்கு அடியில் அதன் உள் ஓரம் வரப்பு மாதிரி எழுந்து, முதுகெலும்பை விட்டு வெளியே போனது. கை பாதியில் விழுந்தது. சட்டையை இடது கைக்கு மாற்றி மாட்டினார்.

"அப்படியே நில்லுங்க" என்றேன். சுவரைத் தள்ளச் சொன்னேன், எலும்பு அசையவில்லை. செரட்டஸ் நன்றாக இருக்கிறது. இரண்டு தோளையும் காதுவரை தூக்கச் சொன்னேன், இடது ஏறியது, வலது கிடந்தது. கழுத்திலிருந்து தோளுக்கு இறங்குகிற சரிவு வலப்பக்கம் குழி விழுந்திருந்தது. கடைசியாகக் கழுத்தைப் பார்த்தேன். வலப்பக்கம், காதுக்கும் காறை எலும்புக்கும் நடுவில், ஓர் அங்குலத் தழும்பு.

"இது என்னங்க?"

"கழலைங்க சார். ஆவணில எடுத்தாங்க. நம்ம பெரிய டாக்டரேதான் எடுத்தாரு. தங்கமான மனுசனுங்க."

ட்ரபீசியஸுக்குப் போகிற நரம்பு அந்த இடத்தில் தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. கழலையை எடுக்கிற கத்தி கொஞ்சம் பிசகினால் நரம்பு போய்விடும். அறுந்த நரம்பைச் சேர்த்துத் தைக்கலாம், ஆனால் காலக் கெடு உண்டு. சுமார் ஆறு மாதம். அதற்குப் பிறகு தைத்தாலும் தசை நாராகிப் போயிருக்கும். செங்கோடனுக்கு மூன்று மாதத்துக்கு மேல் ஓடிவிட்டது. அதில் ஏழு வாரம் நான் தின்றது.

பெரிய டாக்டரை நாங்கள் சீஃப் என்போம். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. யாரையும் தம்பி, வாங்க, போங்க என்றுதான் பேசுவார். உட்கார மாட்டார், நாள் முழுக்க நின்றபடிதான். நாம் பேசத் தொடங்கினால் போய்க் கை கழுவுவார். கழுவி, துண்டை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைப்பார். கடைசி விரல் உலரும்வரை நம்மைப் பார்க்க மாட்டார். அதற்குள் நமக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். என் வேலையை நிரந்தரமாக்கும் காகிதம் அந்த மாதம் அவர் மேசையில்தான் இருந்தது.

சொன்னேன். பத்து விரலும் துடைத்து முடித்தார். "கூட்டிட்டு வாங்க தம்பி" என்றார். அறையில் இரண்டு உதவி டாக்டர்களும் இருந்தார்கள்.

செங்கோடன் உள்ளே வந்தார். இடுப்பில் வேட்டி மட்டும். சீஃபைப் பார்த்ததும் இரண்டு கையையும் மார்பில் இறுகக் கட்டிக்கொண்டார். முதுகைத் திருப்பி நிறுத்தினேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, எலும்பு படிந்து கிடந்தது.

"எங்கே தம்பி?" என்றார் சீஃப்.

"கையைத் தொங்க விடுங்க" என்றேன். விட்டார். சீஃப் ஓர் அடி கிட்டே வந்ததும் மறுபடி கட்டிக்கொண்டார்.

"அட, கையை விடுங்கன்னா!"

"பெரியவிய முன்னால கைய வீசிக்கிட்டு நிக்கறதுங்களா சார்?" என்றார் கிசுகிசுப்பாக.

பக்கவாட்டில் தூக்கச் சொன்னேன். பயத்தில் உடம்பைச் சாய்த்து, கையை முன்னால் கொண்டு வந்து, கும்பிடுகிற மாதிரி தூக்கினார். எலும்பு அசையவே இல்லை. உதவி டாக்டர்களில் ஒருவர் சிரிப்பை அடக்கினார். சீஃப் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் ஒரு நிமிடத்தில் அனுப்பிவிடுவார், அதோடு அந்தக் கையின் கதை முடிந்தது. என்ன தோன்றியதோ, ரோட்டில் கத்துகிற மாதிரி கத்தினேன்:

"டிரைவர்! வண்டி வலப்பக்கம் திரும்புது, கை காட்டு!"

கட்டியிருந்த கை படக்கென்று பிரிந்து வலப்பக்கம் நீண்டது. பதினைந்து வருடப் பழக்கம், யோசித்துச் செய்ததில்லை. தோள்பட்டை எலும்பு அத்தனை பேர் கண் முன்னால் வழுக்கி வெளியே வந்தது. கை பாதியில் விழுந்தது. சீஃப் கிட்டே வந்து கழுத்துச் சரிவைத் தொட்டார், தழும்பைத் தொட்டார். பிறகு செங்கோடனையும் உதவி டாக்டர்களையும் வெளியே இருக்கச் சொன்னார்.

சீட்டைப் புரட்டினார். நான் எழுதிய பக்கத்தில் விரல் நின்றது.

"முதல் நாள்ல 'தோள்பட்டையும் சுற்றியுள்ள தசைகளும் என்.ஏ.டி.'ன்னு இருக்கு. உங்க எழுத்துதானே?"

"ஆமாங்க சார்."

அவர் முகத்தில் இறுக்கம் தளர்ந்தது. "அப்படின்னா ஆபரேஷன் முடிஞ்சு ஆறு வாரம் கழிச்சும் தசை நல்லா இருந்திருக்கு. நரம்பை நான் அறுத்திருந்தா அன்னைக்கே உங்க கண்ணுல பட்டிருக்கும். இது பிறகு வந்த நரம்பு அழற்சி. தானா திரும்பும். ஆறு மாசம் பொறுத்துப் பார்ப்போம்." அதையே சீட்டில் எழுதவும் செய்தார்.

அவர் பொய் சொல்லவில்லை. என் எழுத்தை நம்பினார். அந்த மூன்று எழுத்து அவரையும் தப்ப வைத்தது, என்னையும் தப்ப வைத்தது. கை மட்டும்தான் போகும். நான் வாயைத் திறக்கவில்லை. சரிங்க சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வெட்கக்கேடு, ஆனால் அதுதான் நடந்தது.

வராந்தாவில் பாவாயி எழுந்தார். "என்னங்க சார் சொன்னாரு?"

"ஆறு மாசம் பொறுத்துப் பார்க்கலாம்னாருங்க."

செங்கோடன் முகம் செத்துவிட்டது. தைக்குள் கை வர வேண்டும் என்பது அவர் கணக்கு. இருந்தும், "சரிங்க. பெரியவரு சொன்னா சரியாத்தானுங்க இருக்கும். நீங்களும் மொதல் நாள்லருந்து பாக்கறீங்க, உங்களுக்குத் தெரியாததுங்களா" என்றார்.

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. திரும்பி உள்ளே போனேன். சீஃப் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"சார், முதல் நாள் நான் அவர் முதுகைப் பார்க்கலை."

துண்டை எடுத்தார். கட்டைவிரலைத் துடைத்தார்.

"சட்டையே கழட்டச் சொல்லலைங்க சார். அந்த வரியைக் காலையிலேயே எல்லாச் சீட்டுலயும் எழுதி வச்சிருவேன்."

"எல்லாச் சீட்டுலயுமா?"

"எல்லாச் சீட்டுலயும்."

துண்டு பாதியில் நின்றது. வாழ்க்கையில் முதல் முறையாக அவர் உட்கார்ந்து பார்த்தேன். ஈரக் கையோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப நான்தான் அறுத்திருக்கேன்" என்றார். எனக்குச் சொன்னது மாதிரி இல்லை.

பிறகு சீட்டில் எழுதியதை அடித்துவிட்டு, சென்னையில் நரம்பு அறுவை செய்யும் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். முதல் வரியிலேயே, என் கையால் செய்த அறுவையில் நரம்பு அறுந்திருக்கிறது, தாமதிக்காமல் திறந்து பாருங்கள் என்று இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு, மேசையில் இருந்த என் காகிதத்தை எடுத்து இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். "இதுல இப்போதைக்குக் கையெழுத்து இல்லை தம்பி. வாங்க. அவங்க கிட்ட என் பங்கை நான் சொல்றேன், உங்க பங்கை நீங்க சொல்லுங்க."

வராந்தாவில் நின்று இரண்டு பேரும் சொன்னோம். செங்கோடன் முழுவதும் கேட்டார். சீஃபைப் பார்த்து, "கத்தி புடிக்கற எடத்துல தவறுறதுதானுங்க, நானும் ஸ்டேரிங் புடிக்கறவன்தான்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். கட்டியிருந்த கை எப்போது பிரிந்ததோ தெரியாது.

"அவரு பாத்து வெட்டுனாரு, தவறிப் போச்சு. நீ பாக்கவே இல்லியே! ஏழு வாரம், ரெண்டு பஸ்சு மாறி வந்தேனே. சட்டையக் கழட்டுடான்னு ஒரு வார்த்த சொல்ல உனக்கு என்ன கேடு?"

பாவாயி அவர் தோளைப் பிடித்து அழுத்தினார். "உடுங்க. பஸ்சுக்கு நேரமாச்சு" என்றார். என்னை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை.

சென்னையில் திறந்து பார்த்தார்கள். நரம்பின் இரண்டு நுனியும் விலகிக் கிடந்தனவாம். சேர்த்துத் தைத்தார்கள். இன்னும் இரண்டு மாதம் போயிருந்தால் திறந்தே இருக்க மாட்டோம் என்று பதில் கடிதம் வந்தது. தைக்குள் கை வரவில்லை, ஓனர் வேறு ஆளைப் போட்டுவிட்டார். அந்த வருடம் முழுக்கப் பாவாயி ஒரு கோழிப் பண்ணையில் வேலைக்குப் போய்க் குடும்பத்தை நடத்தியதாகக் கேள்விப்பட்டேன். என் காகிதம் இரண்டு வருடம் இழுப்பறையிலேயே கிடந்தது. கிடக்கட்டும், அது எனக்கு வேண்டியதுதான்.

மறு வருடம் முடிகிற சமயம் செங்கோடன் கரண்ட் ரூமுக்கு வந்தார். புது லாரியில் டிரைவராகச் சேர வேண்டுமாம். கை சரியாக இருப்பதாக எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து எழுதி வாங்கி வரச் சொல்லியிருந்தார்கள். வணக்கம் சொல்லவில்லை. கதவைச் சாத்தினார், சட்டையைக் கழற்றிப் பெஞ்சில் போட்டார், எனக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"பாரு. பாத்துட்டு எழுது."

பார்த்தேன். தோளைத் தூக்கச் சொன்னேன், பக்கவாட்டில் கையை உயர்த்தச் சொன்னேன், சுவரைத் தள்ளச் சொன்னேன். எலும்பின் உள் ஓரத்தில் விரலை வைத்து முதுகெலும்பிலிருந்து எவ்வளவு தூரம் என்று இரண்டு பக்கமும் அளந்தேன். கை தலைக்கு மேல் போயிற்று. எலும்பு நழுவவில்லை. கழுத்துச் சரிவு மட்டும் வலப்பக்கம் இன்னும் மெலிந்திருந்தது, தோள் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. உட்கார்ந்து ஒவ்வொன்றாக எழுதினேன். கால் மணி நேரம் ஆயிற்று. வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் தட்டினார்கள். அவர் திரும்பவும் இல்லை, அசையவும் இல்லை.

எழுதி முடித்துக் காகிதத்தை நீட்டினேன். வாங்கவில்லை.

"படி" என்றார்.

இங்கிலீஷில் எழுதியிருந்ததைத் தமிழில் சொல்லிச் சொல்லி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தேன். அதற்குப் பிறகுதான் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.